உப்பில்லாத சிங்கத்தலை

யாங்ஜோ நகரில் கால்வாயை ஒட்டிய அந்தச் சந்துக்குள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நுழைகிறவர்களுக்கு லாய்தியின் வீட்டை யாரும் காட்ட வேண்டியதில்லை. கத்திச் சத்தமே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். பன்றியின் விலாப்பக்கத்து இறைச்சியைப் பலகையில் போட்டு முதலில் தகடாக, பிறகு நாராக, அப்புறம் மாதுளை முத்து அளவில் பொடியாக நறுக்குவாள். கடைசியில் மேலோட்டமாக நாலு கொத்து. அவ்வளவுதான். கடைக்காரனிடம் கொடுத்து இயந்திரத்தில் அரைத்து வாங்கிவரும் பெண்களை அவள் மனுஷ ஜன்மத்திலேயே சேர்ப்பதில்லை.

"அரைச்சா அது கறி இல்லடி, பசை. சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்," என்பாள்.

சிங்கத்தலை என்று பேர்தான் பெரிசு. முஷ்டி அளவு இறைச்சி உருண்டை, மேலே மூடிய முட்டைக்கோஸ் இலை வெந்து பிடரி மயிர் மாதிரி தொங்குவதால் அந்தப் பேர். மண்பானையின் அடியில் பன்றித் தோல், அதன்மேல் முட்டைக்கோஸ், அதன்மேல் உருண்டைகள், திரும்பவும் இலைப் போர்வை. வீட்டில் எரிவாயு வந்து பல வருஷமாகியும் இதற்கு மட்டும் கரியடுப்புதான். கொதிக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற தணலில் காலையிலிருந்து மதியம் தாண்டும்வரை வேகும். வெந்த உருண்டையைச் சாப்பிடும் குச்சியால் எடுக்க நினைத்தால் உதிர்ந்துவிடும். கரண்டிதான் போட வேண்டும்.

லாய்தி என்றால் 'தம்பியே வா' என்று அர்த்தம். மூத்தது பெண்ணாகப் பிறந்துவிட்ட எரிச்சலில் அப்பா வைத்த பேர். எட்டு வருஷம் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்ட பிறகு தம்பி வந்தான். பாவ்கென். அவனுக்கு நாலு வயதாகும்போது அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா சரக்குப் படகில் போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். அப்புறம் அவனுக்கு அக்காவும் அவள்தான், அம்மாவும் அவள்தான். குளிப்பாட்டினது, அடித்தது, அடித்துவிட்டு அழுதது எல்லாம் அவள்தான்.

பஞ்ச காலத்தில் ஒருநாள் பையன் சிங்கத்தலை வேண்டும் என்று அடம்பிடித்தான். ஊரே மரப்பட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தது, இவனுக்குச் சிங்கத்தலை கேட்கிறது! லாய்தி எங்கிருந்தோ கொஞ்சம் சோயாச் சக்கை கொண்டுவந்து, முட்டைக்கோஸ் காம்போடு பிசைந்து, உருட்டி, பானையில் வேகவைத்து வைத்தாள். "கறிதான்டா, கொஞ்சம் முத்தின கறி," என்றாள். பதின்மூன்று வயதுப் பையனுக்குக் கறிக்கும் சக்கைக்கும் வித்தியாசம் தெரியாதா? ஒரு வாய் தின்றான். அக்கா முகத்தைப் பார்த்தான். "உப்பு சரியா இருக்குக்கா," என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாமல் பானையைக் காலி செய்தான்.

அன்றிலிருந்து அது அவர்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. எதைச் சமைத்து வைத்தாலும் அவள் "உப்பு?" என்பாள். அவன் "சரியா இருக்கு" என்பான். அவன் படித்து முடிக்கட்டும் என்று அவள் இருபத்தொன்பது வயதுவரை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். அவன் நான்ஜிங்கில் வேலைக்குப் போய், பெய்ஜென்னைக் கட்டிக்கொண்டு, தலை நரைத்தவனான பிறகும் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கயிற்றில் கட்டிய நண்டுகளோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்பான். நண்டு முட்டை சேர்த்த சிங்கத்தலை, அரிசி மது கொஞ்சம் தாராளமாக, உப்பு ஒரு சிட்டிகை கூட. அதுதான் அவனுக்குப் பிடிக்கும்.

அப்படிப்பட்டவனுக்கு அந்த வருஷம் தொண்டையில் புற்று வந்தது. அறுத்தார்கள், குரல் போய்விட்டது. பிறகு கதிர்வீச்சு கொடுத்தார்கள், வாயெல்லாம் புண். உப்பு, இஞ்சி, மது எதுவும் கூடாது, பட்டால் நெருப்பாக எரியும், குழைந்த சாப்பாடு மட்டும் கொடுங்கள் என்றார் மருத்துவர். குழைந்த சாப்பாட்டில் சிங்கத்தலையை மிஞ்ச எது இருக்கிறது? லாய்தி கத்தியை எடுத்தாள். உப்பில்லாத இறைச்சி லேசில் ஒட்டாது. முதல் தடவை பானைக்குள் உருண்டைகள் கஞ்சியாகிவிட்டன. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, ஒரே பக்கமாகக் கை ஓயக் கிளறி, இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் தட்டித் தட்டி, எப்படியோ நிற்க வைத்தாள். வாராவாரம் ஒரு பானை. மகள் யான் வாழ்க்கைப்பட்ட இடம் நான்ஜிங். சனிக்கிழமை பஸ் ஏறி அம்மாவைப் பார்க்க வருவாள், ஞாயிறு மாலை பானையோடு திரும்பி நேரே மாமா வீட்டில் கொடுப்பாள்.

திங்கட்கிழமை மதியம் லாய்தி டெலிபோன் போடுவாள். பெய்ஜென் எடுத்துத் தன் புருஷன் காதில் வைப்பாள். பாவ்கென்னால் பேச முடியாது, ஆனால் விரலால் ரிசீவரைத் தட்ட முடியும். ஒரு தட்டு இல்லை, இரண்டு தட்டு ஆமாம். "உப்பு?" என்று கேட்பாள் லாய்தி, வேண்டுமென்றே. உடனே அந்தப் பக்கம் டக்டக்டக்டக் என்று ஒரு புயல் அடிக்கும். உப்பே இல்லாததைச் செய்து அனுப்பிவிட்டு உப்பு சரியா என்று கேட்கிறாயா என்ற சண்டை அது. லாய்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவள், செப்டம்பரில் காய்கறிச் சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. அலையக் கூடாது, அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் போடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

"பஸ்ல ஒண்ணரை மணி நேரம். நான் என்ன பீக்கிங்குக்கா போறேன்?" என்று அவள் சண்டைக்கு நின்றாள்.

"அடுத்த வாரம் போலாம்," என்றார் புருஷன் ஹோங். தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர் என்று சந்தே சொல்லும்.

அடுத்த வாரம் அதற்கடுத்த வாரமாயிற்று. அக்டோபர் தொடக்கத்தில் ஹோங் ஒருநாள் கோட்டை மாட்டிக்கொண்டு, கூட வேலை பார்த்தவர் மகனுக்கு ஜென்ஜியாங்கில் கல்யாணம் என்று கிளம்பினார். சாயங்காலம் சிவப்புப் பெட்டியில் கல்யாண மிட்டாயோடு வந்தார்.

"மாப்பிள்ளை எப்படி?"

"குள்ளம்."

"பொண்ணு?"

"பல்லு கொஞ்சம் எடுப்பு."

லாய்தி மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, யாரென்றே தெரியாத அந்தக் குள்ளனுக்காகச் சந்தோஷப்பட்டாள். கல்யாண மிட்டாய் நல்ல சகுனம் என்று நாலைந்தை எடுத்துத் தம்பிக்கு என்று காகிதத்தில் சுற்றி, அந்த வாரப் பானையோடு அனுப்பினாள்.

அந்த அக்டோபரில் இன்னொரு அதிசயமும் நடந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு டீக் கோப்பையைக் கழுவியறியாத ஹோங், சனிக்கிழமை திரும்பிவரும் பானையை வாசலிலேயே வாங்கிக்கொண்டு போய்த் தேய்க்க ஆரம்பித்தார். "எனக்கு முடியலைன்னதும் மனுஷனுக்கு என்ன கரிசனம் பார்," என்று பக்கத்து வீட்டில் பெருமை அடித்துக்கொண்டாள் லாய்தி. யானும் நல்ல சேதியாகவே கொண்டுவந்தாள். மாமா இந்த வாரம் பாதி உருண்டை சாப்பிட்டார். மறுவாரம் ஒரு உருண்டை முழுசாக. அதற்கு மறுவாரம் ஒன்றரை, சாறும் குடித்தார். டெலிபோனில் மட்டும் தம்பி முன்போல இல்லை. "உப்பு?" என்றால் டக், டக் என்று இரண்டே தட்டு. சரி என்று மரியாதையாக. பாவம், சண்டை போடத் தெம்பில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வயிறு நிறையச் சாப்பிடுகிறவனுக்கு விரலில் தெம்பில்லையா என்று அவள் யோசிக்கவில்லை. நல்ல சேதியை யார்தான் தோண்டிப் பார்க்கிறார்கள்?

நவம்பரில் ஒரு சனிக்கிழமை யான் முந்தின பஸ்ஸைப் பிடித்துச் சீக்கிரமே வந்துவிட்டாள். ஹோங் வழக்கம்போலக் குளியல்கூடத்தில் சினேகிதர்களோடு வெந்நீர்த் தொட்டிக்குள் கிடந்தார்.

"அப்பா எங்கம்மா?"

"எங்க இருப்பார்? ஊறிக்கிட்டிருக்கார். பானையைக் கொடு."

"நான் கழுவறேன்மா. நீ உக்காரு."

"பஸ்ல வந்த களைப்புல மூஞ்சி சுண்டிக் கிடக்கு, இவ கழுவறாளாம். கொடுடி."

பிடுங்கிக்கொண்டு போய்க் குழாயடியில் வைத்து மூடியைத் திருப்பினாள். மூடியின் உள்விளிம்புப் பள்ளத்தில் சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது. விரலால் தொட்டாள். மூக்கருகே கொண்டுபோனாள். மண்பானை எதையும் மறக்காது. மூடி முழுக்க ஊதுவத்தி வாசம்.

அம்மா அப்பா படத்துக்கு முன்னால் எத்தனையோ வருஷமாக அவளே படைத்திருக்கிறாள். பானையை அப்படியே வைப்பார்கள், ஆவி மேலே போக மூடியை எடுத்துப் பக்கத்தில் மல்லாத்துவார்கள், முன்னால் ஊதுவத்தி ஏற்றுவார்கள். சாம்பல் உதிர்ந்து மல்லாந்த மூடியில்தான் விழும். உயிரோடிருக்கிறவன் சாப்பிட்ட பானையில் அது எப்படி வரும்?

பின்னால் யான் மூச்சுவிடாமல் நின்றாள். லாய்தி திரும்பவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். கேட்காதவரை அவன் நான்ஜிங்கில் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒன்றரை உருண்டை சாப்பிட்டுக்கொண்டிருப்பான். குழாயைத் திறந்துவிட்டு மூடியைத் தேய்த்தாள். ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல நறுக்கினாள், எப்போதும்போல உப்பில்லாமல் உருட்டி அனுப்பினாள்.

திங்கள் மதியம் டெலிபோன் பக்கத்தில் ஹோங் எதையோ தேடுகிற பாவனையில் அலைந்துகொண்டிருந்தார். இப்போதுதான் தெரிந்தது, அவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எதையோ தேடியிருக்கிறார்.

பெய்ஜென் எடுத்தாள். "இதோ, காதுல வைக்கறேன்க்கா."

"பாவ்கென், சாப்பிட்டியாடா?"

டக், டக்.

"உப்பு?"

அந்தப் புயலுக்காக லாய்தி காத்திருந்தாள். வாழ்க்கையில் எதற்கும் அவள் அப்படிக் காத்திருந்ததில்லை. ஒரே ஒரு தடவை, நாலைந்து தட்டாக வந்தால் போதும். சாம்பலுக்கு வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்வாள்.

டக், டக்.

"பெய்ஜென்," என்றாள் லாய்தி. "போதும். கை வலிக்கப் போகுது."

ரிசீவரை வைத்தாள். ஹோங் பக்கம் திரும்பினாள்.

"எப்ப?"

"லாய்தி, நீ முதல்ல உக்காரு. மாத்திரை..."

"கிழவா, எப்பன்னு கேட்டேன்."

"அக்டோபர்... ஏழு." நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தார். "தூக்கத்துலயே போயிட்டான். கஷ்டப்படல."

"எரிச்சது?"

ஹோங்கின் கண் ஆணியில் தொங்கிய கோட்டுப் பக்கம் போனது. லாய்திக்குச் சொல்லாமலே தெரிந்துவிட்டது. கோட்டு, ஜென்ஜியாங், சிவப்புப் பெட்டி.

"அந்தக் கல்யாணம்."

"டாக்டர் சொன்னார், உன் நெஞ்சு தாங்காதுன்னு..."

"மிட்டாய் எங்க வாங்கின?"

"பஸ் ஸ்டாண்ட்ல."

"மாப்பிள்ளை குள்ளம். பொண்ணுக்குப் பல்லு எடுப்பு." அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "என் தம்பியை எரிச்ச கையோட பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி மிட்டாய் வாங்கிட்டு வந்து எனக்குக் கொடுத்திருக்க. நானும் சப்பிச் சப்பித் தின்னேன். அவனுக்கும் நாலு அனுப்பி வெச்சேன்!"

"உனக்காகத்தான்டி எல்லாம்..."

"என் நெஞ்சு என்கிட்ட இருக்கு. அதுக்குச் சாவியை நீ எதுக்கு வெச்சுக்கிட்ட?"

அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. அவளுக்கு வந்தது அவமானம். யார் யாருக்குத் தெரியும்? மகளுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், தினமும் வாசலில் "தம்பி எப்படி இருக்கார்?" என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியும். எல்லாரும் கூட்டுக் களவாணிகளாகச் சேர்ந்து அவள் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள். அவளும் வெட்கமில்லாமல் கத்தியைத் தீட்டிக்கொண்டு, உப்பில்லாத உருண்டை உதிராமல் இருக்க முட்டை வெள்ளைக்கரு இத்தனையா அத்தனையா என்று தலையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மகள் நல்ல மனசுக்காரி, வாராவாரம் மாமாவுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஊட்டியிருக்கிறாள். செத்தவனுக்குப் பசி கூடிக்கொண்டே போயிருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது. எழுந்து நின்றுவிட்டாள்.

"செத்தவனுக்கு ஏழு நாளைக்கு ஒருதடவை படைச்சீங்களே, என் பானையைத்தான வெச்சீங்க?"

"ஆமா. நீ செஞ்சதுதான் அவனுக்குப் போகணும்னு பெய்ஜென்..."

"உப்பில்லாமயா?"

ஹோங் முழித்தார்.

"வாய்ல புண்ணுன்னுதான உப்பில்லாம செஞ்சேன்! செத்தவனுக்கு ஏதுய்யா புண்ணு? எத்தனை வாரம்? நோயாளிக் கஞ்சியை வெச்சுப் படைச்சிருக்கீங்க என் தம்பிக்கு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவனுக்கு உப்பு போட்டிருப்பேனே!"

அப்போதுதான் அழுதாள்.

அடுத்த திங்கள் கடைசி ஏழு, அவன் போன நாற்பத்தொன்பதாம் நாள். அதோடு சடங்கு முடிகிறது. அந்த வாரம் முழுக்க லாய்தி புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் விழுங்கினாள், நான்ஜிங் போய்ச் சேரும்வரை நெஞ்சு நிற்க வேண்டும். சனிக்கிழமை யான் வந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். லாய்தி அவளுக்குச் சாப்பாடு போட்டாள். தலையைத் தடவிக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்டு வாங்கி, வேகவைத்து, ஓட்டைப் பிரித்து மஞ்சள் முட்டையை வழித்தெடுத்தாள். இறைச்சியை நறுக்கினாள். இஞ்சிச் சாறு விட்டாள், மதுவைத் தாராளமாக ஊற்றினாள், உப்பை ஒரு சிட்டிகை கூடவே போட்டாள். உப்பு பட்டதும் இறைச்சி கையில் பசக்கென்று ஒட்டிக்கொண்டது. எவ்வளவு சுலபம்! இத்தனை மாதமாகப் பட்ட பாடு ஒரு பிடி உப்பில் தீர்ந்துபோனது. பானையைத் தொட வந்த மகளைப் பார்த்த பார்வையில் அவள் பின்வாங்கிவிட்டாள். திங்கள் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, துணியில் கட்டிய பானையை மடியில் வைத்துக்கொண்டாள் லாய்தி. யானும் ஹோங்கும் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். பக்கத்தில் உட்காரத் தைரியமில்லை.

பெய்ஜென் தலையில் துக்கத்துக்கான வெள்ளை நூல் பூவோடு கதவைத் திறந்தாள். அக்கா என்றபடி குனிந்தவளைத் தாண்டி லாய்தி உள்ளே போனாள். பாவ்கென் படத்தில் இருந்தான். குரல் இருந்த காலத்துப் படம். பானையை அவன் முன்னால் வைத்து, மூடியை எடுத்துப் பக்கத்தில் மல்லாத்தினாள். நண்டும் மதுவுமாக வாசம் அறை முழுக்கப் பரவியது. ஊதுவத்தியை அவளே ஏற்றினாள்.

"அக்கா, என்னைத் திட்டுங்க," என்றாள் பெய்ஜென். "ஆனா என் மேல மட்டும் கோவப்படாதீங்க. தட்டச் சொன்னதே அவர்தான்."

லாய்தி திரும்பினாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி, பேச்சு இருந்தப்பவே சொல்லிட்டார். நான் போயிட்டா அக்காகிட்ட உடனே சொல்லாத, ஆறப்போட்டுச் சொல்லுன்னு. அப்புறம் நீங்க விழுந்த சேதி வந்ததும், என் விரலைப் பிடிச்சு ரிசீவர்ல வெச்சு, ஒண்ணு இல்லை, ரெண்டு ஆமான்னு தட்டிக் காட்டினார். அவருக்கப்புறம் நான் தட்டணும்னு."

"அவனா?"

"அக்கா எனக்கு ஒருதடவை சக்கையைக் கறின்னு சொல்லிக் கொடுத்தா, நான் தெரிஞ்சே சாப்பிட்டேன், இப்ப அவ சாப்பிடட்டும்னு முன்னாடியே சொல்லிச் சிரிச்சாருக்கா."

ஊரே சேர்ந்து ஏமாற்றியதைக்கூட லாய்தி எப்படியோ தாங்கிக்கொண்டு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தாள். அந்தக் கூட்டத்தில் அவன் இல்லை, அவனையும் தன்னையும் இவர்கள்தான் பிரித்துவிட்டார்கள் என்கிற நினைப்பு அவளைத் தூக்கி வந்திருந்தது. இப்போது அதுவும் போயிற்று. தலைவனே அவன்தான்.

படத்தைப் பார்த்து நின்றாள்.

"அதுவும் இதுவும் ஒண்ணாடா?" என்றாள். குரல் உயரவில்லை. "நான் உன் வயித்துக்குப் பொய் சொன்னேன். உனக்குப் பசிச்சுது, என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. உனக்கு என்னடா இல்லாம போச்சு? கடைசியா உன் மூஞ்சியைப் பாக்கவிடாம பண்ணிட்டியே. வா வான்னு உன்னைக் கூப்பிடத்தான் எனக்குப் பேரே வெச்சாங்க. போறப்ப ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

ஹோங் முன்னால் வந்து அவள் தோளைத் தொடப் போனார். அவள் விலகிக்கொண்டாள். கரண்டியை எடுத்து ஒரு உருண்டையைச் சாறோடு கிண்ணத்தில் போட்டு, படத்துக்கு நேராக வைத்தாள். முட்டைக்கோஸ் இலை சரிந்து கிண்ணத்தின் விளிம்பில் தொங்கியது. அதை எடுத்து உருண்டையின் தலைமேல் சரியாகப் போட்டுவிட்டாள்.

"உப்பு?" என்றாள்.

ஊதுவத்தி எரிந்து சாம்பல் உதிர்ந்தது. பெய்ஜென் இரண்டு கைகளையும் இடுப்பில் கட்டிய சமையல் துணிக்குள் பொத்திக்கொண்டாள். லாய்தி காதைக் கொடுத்து நின்றாள், வெகுநேரம் நின்றாள். யாரும் எதையும் தட்டவில்லை.